வெடித்த ரப்பரைத் தூக்கி எறியும் முன்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ரப்பர் பாகம் ஒன்று கிழிந்து கையோடு வந்தால் பட்டறைகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: பழையது குப்பைக்குப் போகும், அதே அளவில் புதிது வாங்கி மாட்டப்படும். மூன்று மாதத்தில் அதுவும் கிழியும். "இப்ப வர்ற ரப்பரே சரியில்லைங்க" என்று முடித்துவிடுவார்கள். சில நேரம் அது உண்மை. ஆனால் கோவையில் ஒரு சிறு மோல்டிங் பட்டறையில் இருபது வருஷத்துக்கும் மேலாக, திரும்பி வந்த துண்டுகளை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். அவற்றில் பெரும்பாலானவை உட்கார்ந்திருந்த இடத்தின் கோளாறால் கிழிந்தவை. எந்த இடம், என்ன கோளாறு என்பதை அந்தத் துண்டிலேயே படிக்க முடியும். அதைக் குப்பையில் போட்டால் விடையையும் சேர்த்துப் போட்டுவிடுகிறோம்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். நல்ல இயற்கை ரப்பரை ஒரே இழுப்பில் அறுக்க, அதன் நீளத்தைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்க வேண்டும். அதே ரப்பர், நீளத்தில் கால் பங்குகூட இழுபடாத வேலையில், லட்சக்கணக்கான தடவை ஆடி ஆடிக் கிழிந்துபோகிறது. எவ்வளவு நன்றாகக் கலந்த கம்பவுண்டிலும் (ரப்பரோடு கார்பன் முதலியவை சேர்த்த கலவை) ஒரு மி.மீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்குக் குறைகள் இருந்தே தீரும்: கரையாத கார்பன் கட்டி, தூசி, அச்சின் கீறல். ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தக் குறை ஒரு மயிரிழை வளர்கிறது. கிழிவதற்கு நாள் பிடிப்பது அதனால்தான்.

கழற்றும் முன்

பாகத்தைக் கழற்றுவதற்கு முன்பே வெள்ளைப் பெயின்ட்டால் மேல் எது, முன் எது என்று குறி வையுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாததால் விடை தெரியாமல் போன துண்டுகள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. விரிசல் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் அதை உண்டாக்கிய அசைவு எந்தப் பக்கம் என்றும் தெரியாது. செல்போனில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைக்காதீர்கள்.

கருவி அதிகம் வேண்டாம். பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடி, வெர்னியர், முடிந்தால் ரப்பரின் கடினத்தை அளக்கும் ஒரு ஷோர் மீட்டர் போதும். அதே பாகத்தின் புதுத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பரில் எந்த அளவும் தனியாக நின்றால் அர்த்தம் தராது. புதியதோடு ஒப்பிடும்போதுதான் பேசும்.

அறிகுறி: மேல்தோலில் மெல்லிய வெடிப்புகள், எல்லாம் ஒரே திசையில்

துண்டைக் கட்டைவிரல் மேல் வளைத்துப் பாருங்கள். வெடிப்புகள் எல்லாம் இழுபடும் திசைக்குக் குறுக்கே, சீப்புப் பல்போல வரிசையாக வாய் திறந்தால் அது ஓசோன் வேலை. இழுபடாத பகுதியில் ஒரு வெடிப்பும் இருக்காது. இந்த வித்தியாசமே முடிவான சான்று.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஓசோன் பத்துக் கோடியில் சில பங்குதான் இருக்கும். ஆனால் இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர்களான எஸ்பிஆர், நைட்ரைல் மூன்றின் மூலக்கூறுச் சங்கிலியிலும் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோன் அவற்றைக் கத்தரிக்கோல்போல வெட்டும். தளர்ந்து கிடக்கும் ரப்பரில் மேலே ஒரு மெல்லிய படலம் உருவாவதோடு சேதம் நின்றுவிடும். சற்றே இழுத்த நிலையில் இருந்தால் வெட்டிய இடம் வாய் திறந்து, உள்ளே புது ரப்பர் தெரியும். அதையும் ஓசோன் வெட்டும். இதற்கு அசைவே தேவையில்லை. ஆணியில் மாட்டி வைத்த பெல்ட், ஓடாமல் நின்ற லாரியின் டயர் எல்லாம் வெடிப்பது இப்படித்தான்.

பார்த்ததும் பயப்பட வேண்டியது எது என்பதில் பலர் தவறுகிறார்கள். நிறைய நுண்ணிய வெடிப்புகள் இருந்தால் கலங்கிப்போவார்கள்; நாலே நாலு வெடிப்பு இருந்தால் அலட்சியமாக விடுவார்கள். நடப்பது நேர் எதிர். அதிகம் இழுபட்ட ரப்பரில் வெடிப்புகள் எண்ணிக்கையில் பெருகி, ஒன்றின் அழுத்தத்தை ஒன்று தணித்து, ஆழம் குறைவாக நிற்கும். கொஞ்சமாக இழுபட்ட ரப்பரில் சிலதே தோன்றும், ஆனால் ஒவ்வொன்றும் ஆழமாக இறங்கும். சில வெடிப்புகளோடு ஓடும் பாகத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

என்ன செய்வது? முதலில் ஓசோன் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். கார்பன் பிரஷ் வைத்த மோட்டாரின் தீப்பொறி, வெல்டிங் ஆர்க், உயர் அழுத்த மின்கருவிகள் எல்லாம் ஓசோன் உண்டாக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் உதிரி மவுண்டிங்குகளை (இயந்திரத்தின் அதிர்வைத் தாங்கும் ரப்பர் திண்டுகள்) வெல்டிங் மேடைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். மாட்டும் முன்பே பாதி வெடித்திருந்தன. சேமிப்புக்கான ஐஎஸ்ஓ 2230 நெறியும் இதைத்தான் சொல்கிறது: குளுமையான, இருட்டான இடம், ஓசோன் உண்டாக்கும் கருவிகள் அருகில் இல்லாமை, ரப்பரை இழுக்காமலும் மடக்காமலும் வைத்தல். பெல்ட்டை ஆணியில் தொங்கவிடாதீர்கள். தட்டையாகச் சுருட்டி வையுங்கள்.

அடுத்தது கம்பவுண்டு. ஆடாமல் நிற்கும் பாகத்துக்கு மெழுகு கலந்தால் போதும். அது மேலே பூத்து ஒரு போர்வையாக நிற்கும். ஆடும் பாகத்தில் அந்தப் போர்வை உடைந்துவிடும், 6பிபிடி போன்ற ஓசோன் தடுப்பான் வேண்டும். புது டயரின் பக்கவாட்டில் பழுப்பாகப் படியும் கறை இந்த வகைத் தடுப்பான் மேலே வந்து படிவதுதான். அழுக்கு என்று நினைத்து மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் டயரின் மருந்தைத் துடைத்தெடுக்கிறார்கள். சோப்புத் தண்ணீர் போதும். இந்த 6பிபிடிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது ஓசோனோடு சேர்ந்து மாறும் ஒரு பொருள், மழைநீரில் ஓடைக்குப் போய் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதை 2020-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மாற்றுப் பொருளுக்கான தேடல் அதிலிருந்து சூடுபிடித்திருக்கிறது. என் தொழிலில் நான் மனதார எதிர்பார்க்கும் மாற்றம் அது.

வெளியே வெயிலில் நிற்கும், எண்ணெய் படாத பாகம் என்றால் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பருக்கு மாறிவிடுங்கள். அதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை, ஓசோனுக்கு அங்கே வேலை இல்லை.

பிரேக் ஹோஸிலோ சமையல் எரிவாயு டியூபிலோ இந்த வெடிப்பைக் கண்டால் மேலே படிக்க வேண்டாம். உடனே மாற்றுங்கள்.

அறிகுறி: யானைத் தோல்போல, திசையே இல்லாத வலைப்பின்னல்

வெள்ளை, சாம்பல், சிவப்பு என வெளிர்நிற ரப்பரில்தான் இது அதிகம். வெயிலும் ஆக்சிஜனும் சேர்ந்து மேல்தோலைக் கடினமாக்கியிருக்கின்றன. கார்பன் பிளாக் சேர்ந்த கறுப்பு ரப்பர் வெயிலைத் தானே தாங்கிக்கொள்ளும். நிறம் முக்கியமில்லாத இடத்தில் கறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஷோர் மீட்டரில் புதியதைவிட 10 புள்ளிக்கு மேல் ஏறியிருந்தால் நான் அந்தப் பாகத்தைத் திரும்ப மாட்ட மாட்டேன். செம்புத் துணுக்கோ செம்புக் கம்பியோ தொட்டபடி இருந்த இயற்கை ரப்பர் சீக்கிரம் கெட்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். செம்பும் மாங்கனீஸும் அதற்கு விஷம்.

தடித்த பாகத்தில் மேல்தோல் மட்டும் இப்படியிருந்தால் பதற வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1889-ல் ஒரு மேம்பாலத்தின் அடியில் வைத்த இயற்கை ரப்பர் திண்டுகளை நூறு ஆண்டை நெருங்கும்போது எடுத்துப் பார்த்தார்கள். மேல்தோல்தான் கெட்டிருந்தது, உள்ளே ரப்பர் ரப்பராகவே இருந்தது. அழுத்தத்தில் உட்கார்ந்திருந்த தடித்த திண்டு என்பதால் காற்று உள்ளே போக வழியில்லை. இரண்டு மி.மீ தடிப்புள்ள டயாஃப்ரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

அறிகுறி: ஒரே இடத்தில் ஆழமான ஒற்றை விரிசல்

சுற்றிலும் ரப்பர் புதிதுபோல இருக்கும். கடினமும் ஏறியிருக்காது. ஒரு மூலையில் மட்டும் ஒரு விரிசல் இறங்கி, பாதி வழி போய், கடைசியில் பட்டென்று கிழிந்திருக்கும். திரும்பத் திரும்ப ஆடிய களைப்பில் வந்த கிழிசல் இது. துண்டை விரித்து விரிசலின் முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மெதுவாக வளர்ந்த பகுதி ஒருவிதமாகவும், இறுதியில் ஒரே மூச்சில் கிழிந்த பகுதி அதிலிருந்து மாறுபட்டும் தெரியும். மெதுவாக வளர்ந்த பகுதியின் வரிகள் பின்னோக்கி எங்கே கூடுகின்றனவோ அங்கேதான் தொடக்கம்.

தொடக்கத்தில் என்ன இருக்கிறது என்று பூதக்கண்ணாடியில் தேடுங்கள். அச்சின் பிசிறைக் கத்தியால் அறுத்த தழும்பு, உருட்டாமல் விட்ட கூர்மூலை, இரும்புத் தகட்டின் விளிம்பு, மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவர் குத்திய இடம் ஆகிய நான்கும்தான் அடிக்கடி வருகிறவை. தகட்டின் விளிம்பை அரம் போட்டு உருட்டுவதற்குப் பத்து நிமிஷம் ஆகும். அதைச் செய்யாமல் விட்டதால் மாதாமாதம் புது மவுண்டிங் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தழும்பு எதுவும் இல்லாவிட்டால் அசைவு அதிகம் என்று பொருள். எவ்வளவு அதிகம் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. விரிசல் ஒரு சதுர மீட்டர் வளர எவ்வளவு ஆற்றல் விடுபடுகிறது என்பதை அளவுகோலாக வைத்து ரப்பரின் கிழிசலை விளக்கலாம் என்று ரிவ்லின், தாமஸ் என்ற ஆய்வாளர்கள் 1953-ல் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளில், ஓர் ஆட்டத்துக்கு விரிசல் வளரும் அளவு இந்த ஆற்றலின் அடுக்காக ஏறுவது தெரிந்தது. இயற்கை ரப்பரில் அடுக்கு ஏறத்தாழ 2, எஸ்பிஆரில் ஏறத்தாழ 4. ரப்பரில் சேரும் ஆற்றலோ இழுப்பின் வர்க்கம். ஆக இழுப்பு இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஆயுள் இயற்கை ரப்பரில் 16-ல் ஒரு பங்காகவும் எஸ்பிஆரில் 256-ல் ஒரு பங்காகவும் குறையும்.

இதைத் திருப்பிப் போட்டால் நமக்கு லாபம். அசைவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே இயற்கை ரப்பரின் ஆயுள் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். விலை உயர்ந்த கம்பவுண்டு தேடும் முன்பு ஒரு ஸ்டாப்பர் வைத்து அசைவைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பாருங்கள். ரப்பரின் தடிப்பைக் கூட்டினாலும் அதே அசைவில் இழுப்பு விகிதம் குறையும். அதேபோல, தொடக்கக் குறையின் அளவு இரட்டித்தால் இயற்கை ரப்பரில் ஆயுள் பாதியாகும், எஸ்பிஆரில் எட்டில் ஒன்றாகும். எஸ்பிஆரில் செய்த பாகத்தைக் கத்திபடாமல் பாதுகாக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி சொல்லப்போவதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஒரு ஜல்லி கிரஷரின் சல்லடைக்கு நான் கொடுத்த மவுண்டிங்குகளில் ஒரு மூலையில் இருந்தது மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிழிந்தது. "உங்க ரப்பர்ல ஒண்ணு மட்டும் மோசமா வருதுங்களா?" என்று கேட்டார் உரிமையாளர். மூலைகளை இடம் மாற்றிப் போட்டோம். அதே மூலைதான் திரும்பவும் கிழிந்தது. நேரில் போய்ப் பார்த்தால் அந்த மூலையில் அடித்தகடு 6 மி.மீ தாழ்ந்திருந்தது. மற்ற மூன்று மவுண்டிங்கும் எப்போதும் சுமையில் அமுங்கியே இருந்தன. இது மட்டும் ஒவ்வொரு அதிர்விலும் அமுங்கி, தளர்ந்து, எதிர்ப்பக்கம் இழுபட்டது. சுமை பார்த்தால் இதில்தான் குறைவு! 6 மி.மீ பேக்கிங் தகடு ஒன்றை அடியில் செருகினோம். அந்த மவுண்டிங் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

காரணம் இயற்கை ரப்பரின் குணத்திலேயே இருக்கிறது. அதை இழுக்கும்போது சங்கிலிகள் வரிசை கட்டிப் படிகமாகின்றன. விரிசலின் நுனியில் அந்தப் படிகம் சுவர்போல நிற்கிறது. முழுக்கத் தளர்ந்தால் படிகம் உருகிப்போகும், அடுத்த இழுப்பில் விரிசல் இன்னும் கொஞ்சம் முன்னேறும். தளராமல் எப்போதும் கொஞ்சம் இழுபட்டபடியே இருந்தால் சுவர் நின்றுகொண்டே இருக்கும். குறைந்தபட்ச இழுப்பைப் பூஜ்யத்திலிருந்து மேலே தூக்கினால் இயற்கை ரப்பரின் ஆயுள் கூடுவதைக் காட்வெல் என்ற ஆய்வாளரும் அவரோடு உழைத்தவர்களும் 1940-லேயே பதிவு செய்தார்கள். எஸ்பிஆருக்கு இந்தப் படிகம் கிடையாது. ஆதலால் இந்தச் சலுகையும் கிடையாது.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் முறுக்கி மாட்டிவிடாதீர்கள். உச்ச இழுப்பு ஏறாமல் குறைந்தபட்ச இழுப்பு மட்டும் ஏறினால்தான் லாபம். வண்டிகளின் சஸ்பென்ஷன் புஷ்ஷில் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை) நடப்பது இதற்கு மாறானது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் புஷ் ஒரு பக்கமாக முறுக்கியபடி நிற்கும். சாலைக் குழி ஒவ்வொன்றும் அந்த முறுக்கின் மேல் கூடும். புது புஷ் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஒரு பக்கமாகக் கிழியும். உள் ஸ்லீவோடு ஒட்டிய புஷ் எதுவானாலும் வண்டி தரையில் நின்று, எடை இறங்கிய பிறகே கடைசி இறுக்கு கொடுங்கள். புஷ் சத்தம் போடுகிறது என்று கிரீஸ் தடவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஏன் என்பது கொஞ்சம் கீழே வருகிறது.

அறிகுறி: வெளியே ஒன்றுமில்லை, அறுத்தால் உள்ளே வெந்திருக்கிறது

தடித்த மவுண்டிங், ஃபோர்க்லிஃப்டின் சாலிட் டயர், உருளைகள் ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம். நடுவில் பிசுபிசுப்பு, நுண்துளைகள், கந்தக வாடை. ரப்பர் தான் வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை ஒவ்வொரு ஆட்டத்திலும் வெப்பமாக விட்டுவிடுகிறது. ரப்பர் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள், நடுவில் சேர்ந்த சூடு வெளியே வர வழி தெரியாமல் தவிக்கும். இயற்கை ரப்பரில் கந்தகப் பாலங்கள் அறுந்து ரப்பர் பழைய பிசினாகத் திரும்பத் தொடங்கும்.

வெளியே இன்ஃப்ராரெட் மீட்டர் காட்டிப் பார்ப்பதில் பயனில்லை; அது தோலைத்தான் அளக்கும். இயந்திரத்தை நிறுத்திய உடனே, வீணாக்கத் தயாரான ஒரு பாகத்தில் ஊசி வெப்பமானியைக் குத்தி நடுவின் சூட்டைப் பாருங்கள். இயற்கை ரப்பர் தொடர்ந்து 70–80 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் எதுவும் நெடுநாள் நிற்காது. கார்பன் பிளாக் சேர்க்காத எஸ்பிஆரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோனால் களைப்பு ஆயுள் பத்தாயிரத்தில் ஒன்றாக விழுவதும், அதே சோதனையில் இயற்கை ரப்பர் நான்கில் ஒன்றாக மட்டுமே குறைவதும் சோதனைச்சாலையில் கண்டது. சூட்டில் ஆடும் வேலைக்கு இன்றும் இயற்கை ரப்பரை நாம் விடாமல் பிடித்திருப்பதற்கு அது ஒரு காரணம்.

தீர்வு: ஒரு தடித்த திண்டுக்குப் பதில் இடையில் இரும்புத் தகடு வைத்த மெல்லிய அடுக்குகள். தகடு சூட்டை வெளியே இழுத்துவரும். வேகத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். கார்பன் பிளாக் குறைவான, துள்ளல் அதிகமான கம்பவுண்டைக் கேளுங்கள். கடினமான ரப்பர்தான் தாங்கும் என்று ஷோர் எண்ணை ஏற்றிக் கேட்பது, உள்ளே வேகும் பாகத்துக்குப் பல நேரம் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகவே முடியும்.

அறிகுறி: உப்பி, மெத்தென்று, நகம் பட்டால் பிய்கிறது

எண்ணெய். எஞ்சின் மவுண்டிங்கின் கீழ்ப்பக்கம் மட்டும் உப்பியிருந்தால் மவுண்டிங்கை மாற்றும் முன்பு எஞ்சினின் ஒழுக்கை நிறுத்துங்கள். இயற்கை ரப்பரும் ஈபிடிஎம்மும் மினரல் எண்ணெயைக் குடித்து வீங்கும். வீங்கிய ரப்பரின் சங்கிலிகள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும், விரிசல் வெண்ணெயில் கத்திபோல ஓடும். கிரீஸும் எண்ணெய்தான். புஷ்ஷை உள்ளே தள்ள சோப்புத் தண்ணீர் போதும். ஒன்றும் இல்லாவிட்டால் விளக்கெண்ணெய் தொடலாம், இயற்கை ரப்பருக்கு அது கெடுதல் செய்யாது. தொடக்கக் கால ஹைட்ராலிக் பிரேக்குகளில் விளக்கெண்ணெய் கலந்த திரவம் ஓடியது அந்தப் பொருத்தத்தால்தான்.

எந்த ரப்பர் என்று தெரியாவிட்டால், புதியதிலிருந்து ஒரு துண்டை அறுத்துத் தடிப்பை அளந்து, இயந்திரத்தில் ஓடும் அதே எண்ணெயில் மூன்று நாள் போட்டு, திரும்ப அளந்து பாருங்கள். வீங்கினால் நைட்ரைலுக்கு மாறுங்கள்.

பிரேக்கில் கதை தலைகீழ். கிளைக்கால் வகைப் பிரேக் திரவத்துக்கு ஏற்ற ரப்பர் வேறு, எண்ணெய்க்கு ஏற்ற ரப்பர் வேறு. பிரேக் ரிசர்வாயரில் தவறி எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டால், கொஞ்சம்தானே என்று வண்டியை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கப்புகள் வீங்கிப் பிரேக் பிடித்துக்கொள்ளும் அல்லது பிடிக்காமல் போகும். அந்த வழியில் உள்ள அத்தனை ரப்பரையும் மாற்றியே ஆக வேண்டும்.

அறிகுறி: இரும்பிலிருந்து உரிந்து வந்துவிட்டது

இரும்பின் முகத்தைப் பாருங்கள். பளிச்சென்று வெறும் இரும்பு தெரிந்தால் ஒட்டு சரியில்லை. செய்தவரிடம் திருப்பிக் கொடுங்கள், அது எங்களைப் போன்றவர்களின் தவறு. இரும்பின் மேல் ரப்பர் சதை ஒட்டிக்கொண்டிருந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது, ரப்பர்தான் களைத்திருக்கிறது. மேலே ஒற்றை விரிசல் பற்றிய பகுதிக்குப் போங்கள். விளிம்பிலிருந்து துரு உள்ளே ஊர்ந்திருந்தால் உப்புத் தண்ணீரோ உரத் தண்ணீரோ பட்டிருக்கிறது.

அறிகுறி: வி-பெல்ட்டின் அடியில் குறுக்கு வெடிப்புகள்

ஒரு மாவு மில்லில் இருந்து ஒருமுறை அழைத்தார்கள். "பெல்ட்டு புதுசுங்க, ரெண்டு மாசம்கூட ஆகலைங்க, அடியில பல்லு பல்லா வெடிச்சிருச்சு" என்றார். மோட்டார் புல்லி எத்தனை என்று கேட்டேன். நாலு இஞ்ச் என்றார். ஓடியது பி அளவு வகை வி-பெல்ட். பி வகைக்குக் குறைந்தபட்சப் புல்லி விட்டம் 125 மி.மீ, ஏ வகைக்கு 75, சி வகைக்கு 200. நாலு இஞ்ச் என்பது 100 மி.மீ. ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட் தாங்க முடியாத வளைவுக்குள் போய் வந்தது. புல்லியை மாற்றினால் வேகம் மாறும் என்பதால் மறுமுனைப் புல்லியையும் சேர்த்து மாற்றச் சொன்னேன். ஏ வகை பெல்ட் இரண்டு போட்டும் சரிசெய்திருக்கலாம்.

புல்லி சரியாக இருந்து அடிப்பக்கம் வெடித்தால் சூடு. பக்கவாட்டு கண்ணாடிபோலப் பளபளத்தால் வழுக்கல். இறுக்கத்தைச் சரிபார்க்க, இரண்டு புல்லிக்கு இடையே உள்ள பெல்ட்டின் நடுவில் அமுக்குங்கள். ஒரு மீட்டர் இடைவெளிக்கு 16 மி.மீ அமுங்குவது பொதுவான அளவு. அதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதைப் பெல்ட் தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. நூல் பிடித்துப் பாருங்கள். பெல்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே நூல் அறுந்துவிடும், வெளியே தெரியாது; ஓரிரு நாளில் பெல்ட் புரண்டு விழும்போதுதான் புரியும். மோட்டாரைத் தளர்த்தி, பெல்ட்டை ஏற்றி, பிறகு இறுக்குங்கள். பல பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது ஒன்றே சுமை முழுவதையும் இழுக்கும்.

அறிகுறி: வெடிக்கவில்லை, தேய்ந்துகொண்டே போகிறது

தேய்மானத்தைத் தனி நோயாக நினைக்க வேண்டாம். தேய்ந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உரசும் திசைக்குக் குறுக்கே அலை அலையாக வரப்புகள் தெரியும். ஷல்லமாக் என்ற ஆய்வாளர் 1950-களில் இந்த வரப்புகளை நுணுக்கமாக ஆராய்ந்தார். ஒவ்வொரு வரப்பும் ஒரு பல். உரசும்போது பல் மடங்கும், அதன் அடியில் விரிசல் கொஞ்சம் வளரும், ஒருநாள் பல் கழன்று தூளாகப் போகும். மேலே சொன்ன அதே களைப்புக் கிழிசல்தான், சிறிய அளவில் கோடிக்கணக்கில் நடக்கிறது. வரப்பு பெரிதாக இருந்தால் உரசல் கடுமை. வரப்பே இல்லாமல் தார்போலப் பிசுபிசுத்தால் மெல்லிய உரசலில் ரப்பர் வேதிமுறையில் சிதைகிறது.

ரைஸ் மில்லில் நெல் உரிக்கும் ரப்பர் ரோல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு ரோல்களும் எதிரெதிராக, ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதல் வேகத்தில் சுற்றுகின்றன. அந்த வேக வித்தியாசம்தான் உமியை உரிக்கிறது, அதுவே ரப்பரையும் தின்கிறது. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணலின் பொருள். உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதற்கு நெருங்கிய வேலை இது.

வேகமான ரோல் சீக்கிரம் தேயும் என்பது இயல்பு. இரண்டையும் நேரத்தோடு இடம் மாற்றிப் போடுங்கள். விட்டம் மிகவும் வித்தியாசப்படும்வரை காத்திருந்தால் வேக வித்தியாசம் குறைந்து உரிப்பு விழும், உடனே ஆட்கள் அழுத்தத்தை ஏற்றுவார்கள், தேய்மானம் இன்னும் பாயும். நடுவில் பள்ளம், ஓரத்தில் மேடு என்றால் நெல் அகலம் முழுக்கப் பரவி விழவில்லை. ரோலைக் குறை சொல்லும் முன் தீனித் தகட்டைச் சரிசெய்யுங்கள். முகம் கருகி மினுமினுத்தால் நெல் நின்ற பிறகும் ரோல்கள் தொட்டபடி ஓடியிருக்கின்றன. நெல் நின்றதும் ரோல் விலக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே தடவையில் முழு நெல்லும் உரிய வேண்டும் என்று இறுக்காதீர்கள். 85 முதல் 90 சதவீதம் உரிந்தால் போதும். மீதியைச் செப்பரேட்டர் திருப்பி அனுப்பும். கடைசிப் பத்து சதவீதத்துக்காகக் கொடுக்கும் அழுத்தம் அரிசியையும் உடைக்கும்.

டயருக்குச் சுருக்கமாக: நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரு ஓரம் மட்டும் என்றால் சக்கரத்தின் சாய்வோ நேர்த்திசையோ தவறு, கிண்ணம் கிண்ணமாகக் குழிந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது.

அறிகுறி: ஓரிங்கின் ஒரு விளிம்பு எலி கடித்ததுபோல

அழுத்தம் ஏறி இறங்கும் ஹைட்ராலிக்கில் ஓரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இடுக்குக்குள் பிதுங்கி, பிதுங்கிய நாக்கு ஒவ்வொரு துடிப்பிலும் நறுக்கப்படுகிறது. இடைவெளியைக் குறையுங்கள், அல்லது அழுத்தம் வராத பக்கத்தில், பிதுங்காமல் தாங்கும் பேக்அப் வளையம் போடுங்கள். கடியில்லாமல் சப்பையாகிப் போயிருந்தால் அது சூட்டால் வந்தது, களைப்புக்கு அதில் பங்கில்லை.

இவ்வளவு பார்த்தும் பிடிபடாவிட்டால் துண்டை ரப்பர் தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள். இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டாதீர்கள். விரிசலின் முகங்கள் ஒன்றோடொன்று உரசினால் தொடக்கப் புள்ளி அழிந்துபோகும். தனித்தனியாகத் தாளில் சுற்றி, அதே பெட்டியில் ஒரு புதுத் துண்டும், இயந்திரத்தின் வேகம், அதில் ஓடும் எண்ணெய், எத்தனை நாள் உழைத்தது என்ற மூன்று விவரமும் எழுதிப் போடுங்கள்.